சித்திரையில் நுவரெலியா

சித்திரை வெயில் கொழும்பை வாட்டும்போது மனம் மலைநாட்டை நாடுவது இயல்பே. புத்தாண்டு கழிந்த மறுவாரம் நாம் குடும்பத்துடன் நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். கம்பளையைக் கடந்து, புசல்லாவை வழியே வண்டி வளைந்து வளைந்து ஏறிற்று. றம்பொடை அருவியின் ஓசை செவியில் விழுந்தபோது பிள்ளைகள் கம்பளிச் சட்டையைத் தேடத் தொடங்கிவிட்டனர்.

இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையின் (8,281 அடி) அடிவாரத்தில், 6,128 அடி உயரத்தில் அமைந்த சிறு நகரம் இது. 1848ஆம் ஆண்டு சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் இங்கே குடியேறித் தம் நாட்டுக் காய்கறிகளைப் பயிரிட்டார். இன்று சந்தையில் குவிந்து கிடக்கும் கோவாவும் கரட்டும் லீக்ஸும் அம்முயற்சியை நினைவூட்டுகின்றன. ஆளுநர் கிறகரி 1873இல் அமைப்பித்த வாவி இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வெப்பத்துக்கு அஞ்சி வெள்ளைத் துரைமார் மலையேறிய மாதமே இன்று நம்மவரின் 'சீசன்' ஆயிற்று.

வாவியில் படகுகள், கரையில் பிள்ளைகளைச் சுமந்து செல்லும் மட்டக் குதிரைகள், பந்தயத் திடலில் ஆரவாரம், இரவில் வண்ண விளக்குகள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பேதமின்றிக் குடும்பங்கள் தோளோடு தோள் உரசி நடக்கும் காட்சி நெஞ்சைக் குளிர்வித்தது.

மறுநாட் காலை 'சிங்கிள் ட்ரீ' குன்றுக்கு நடந்தோம். வழியெல்லாம் தேயிலை. கொழுந்துப் பையுடன் இறங்கி வந்த மூதாட்டி ஒருவரிடம், "பாட்டி, நீங்கள் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகவில்லையா?" என்று வினவினான் என் இளைய மகன்.

அவர் சிரித்தார். "மழை பெஞ்சா கொழுந்து நமக்காக நிக்குமா சாமி? எங்க திருவிழா மாசியில. காமன் கூத்துக்கு வாங்க, டிக்கட்டு கிடையாது." சற்று நின்று, என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆனா ஐயா, ரதி வேஷம் கட்டத்தான் இப்பப் பயலுக இல்ல. எல்லாம் கொழும்புக் கடையில நிக்குதுங்க."

மன்மதனைச் சிவபெருமான் எரித்த கதையையும், ரதியின் புலம்பலையும் கம்பம் ஊன்றி விரதமிருந்து ஆடும் கூத்து அது. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காட்டு வழி நடந்து வந்த இம்மக்களின் முன்னோர் கொணர்ந்த செல்வம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோருக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அத்தனை காலமும் அவர்கள் கைவிடாத கூத்துக்கு இன்று ஆட ஆளில்லை!

எங்கள் தெருமுனைக் கடையில் சாமான் கட்டித் தரும் மலைநாட்டு இளைஞனின் முகம் என் கண்முன் வந்தது. எத்தனையோ முறை அவனிடம் விலை கேட்டிருக்கிறேன். ஊர் எதுவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் மகன் கேட்டான்: "அப்பா, மாசி எப்போது வரும்?"

நுவரெலியா செல்லும் அன்பர்களே! வாவியையும் மலர்களையும் கண்டு மகிழுங்கள். மாசியிலும் ஒருமுறை மலையேறுங்கள். நாங்கள் ஏறுவதென்று முடிவு செய்துவிட்டோம். அதற்குமுன், அந்தக் கடை இளைஞனிடம் ஊர்ப் பெயரைக் கேட்கவேண்டும்.