கூட்டம் இல்லாத ஒரு நாள்

கோயிலுக்குப் போவதற்குக்கூடத் திட்டம் வேண்டுமா? "நினைத்தால் புறப்பட வேண்டியதுதானே! இதற்கு என்ன ஐந்தாண்டுத் திட்டமா?" என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேலி செய்தாள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது கங்கைகொண்ட சோழபுரம்.

எங்கள் ஊரிலிருந்து அது ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் இராசேந்திர சோழன், தஞ்சையை விட்டு இங்கே தன் தலைநகரை அமைத்தான். அவன் எழுப்பிய கோயிலின் விமானம் சுமார் 55 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சற்றுக் குறைவு. 2004-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இதுவும் சேர்ந்தது. இவையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தவை. என் அம்மாவுக்கோ அது பேருந்தின் சன்னலில் தெரிந்து மறையும் ஒரு கோபுரம். அவ்வளவுதான்.

முதன்முறை நாங்கள் இருவரும் அங்கே போனது ஓர் ஐப்பசிப் பௌர்ணமியன்று. மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, சுமார் 4 மீட்டர் உயரமுள்ள இலிங்கத் திருமேனியைச் சோற்றால் மூடும் அன்னாபிஷேகத் திருநாள் அது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். மணிக்கணக்கில் வரிசையில் நின்றோம். சந்நிதியை அடைந்ததும் பின்னால் வந்தவர்களின் வேகம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பும் வழியில் அம்மா மெல்லச் சொன்னார்: "சாமியப் பாத்தியா பாப்பா? எனக்கு முன்னால நின்னவரு முதுகுதான் தெரிஞ்சுது."

யாரையும் குறை சொல்வதற்கில்லை. அவரவர்க்கு அவரவர் வேண்டுதல். ஆனாலும் அந்தச் சொல் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. அடுத்த முறை அம்மா நின்று நிதானமாகக் கும்பிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பௌர்ணமி, பிரதோஷம், சனி, ஞாயிறு, கார்த்திகைச் சோமவாரம், இராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை, பள்ளி விடுமுறை நாட்கள் ஆகிய எல்லாவற்றையும் அடித்தேன். மிஞ்சியவை சாதாரண வார நாட்கள். காலையில் நடை திறந்ததும் போய்விட வேண்டும்; நண்பகலில் சாத்திவிட்டால் பிறகு மாலையில்தான் திறப்பார்கள். கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமையைக் குறித்தேன். எனக்குத் தேர்வுக்கு முந்தைய விடுமுறை. எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்று பெருமையுடன் அம்மாவிடம் சொன்னேன்.

"புதன்கிழமையா? அன்னிக்குக் கூலிய யாரு தருவா?" என்றார் அம்மா.

என் கணக்கு அங்கேதான் தப்பிற்று. கூட்டம் இல்லாத நாள் என்பது வேலை நாள். களை பறிக்கவும், முந்திரித் தோப்புக்கும், கோடையில் செங்கல் சூளைக்கும் போகிறவர்களுக்கு அமைதியான தரிசனத்தின் விலை ஒரு நாள் கூலி. அவர்கள் திருவிழாவன்று மட்டும் கோயிலுக்கு வருவது கூட்டத்தில் நிற்கும் ஆசையால் மட்டுமல்ல. அன்றுதான் அவர்களுக்கு ஓய்வு. இந்த எளிய உண்மை, இருபது ஆண்டுகள் அவர் உழைப்பில் வளர்ந்த எனக்கு அன்றுவரை தெரியாமல் போயிற்றே!

வழிகாட்டியது மழை. இரண்டு நாள் விடாமல் பெய்து வயலெல்லாம் நீர் நின்றது. வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் வெள்ளி முளைக்கும் வேளையில் அம்மாவே என்னை எழுப்பினார். "இன்னிக்குப் போலாம், கெளம்பு."

நாங்கள் சேர்ந்தபோது வாசலில் ஐயப்ப பக்தர்களின் வேன் ஒன்று மட்டும் நின்றது. மழையில் கழுவிய புல்வெளி; நனைந்து கறுத்த நந்தி; அதன் பின்னே விமானம். அடியில் நிமிர்ந்து எழுந்து, மேலே செல்லச் செல்ல உள்வாங்கி வளையும் அந்த வடிவத்தை அன்றுதான் முழுமையாகக் கண்டேன். அம்மா குழாயடியில் கால் கழுவினார். வாசலில் பூ விற்ற பாட்டியிடம் இரண்டு முழம் வாங்கினார். சந்நிதியில் நான் எண்ணிப் பார்க்கவில்லை. கால் மணி நேரமாவது இருக்கும், கண் மூடாமல் நின்றார். யாரும் நகரச் சொல்லவில்லை. தீபாராதனையைப் படம் பிடிக்க நான் கைப்பேசியை எடுத்தபோது என் கையை அழுத்திக் கீழே இறக்கினார். ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

வடக்குப் படிக்கட்டின் அருகே சண்டேசருக்குச் சிவபெருமான் தலையில் மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. மாடு மேய்த்த சிறுவனுக்குக் கிடைத்த பெருமை அது என்று கதையைச் சொன்னேன். "மாடு மேய்ச்ச புள்ளைக்கா!" என்று அம்மா வியந்தார். சிற்பத்தைத் தொடவில்லை, தூர நின்றே கும்பிட்டார். எதிர்ப்புறம் சரசுவதி. அங்கே மட்டும் என்னை முன்னால் நிறுத்தினார். கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்து, 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணிக்குத்தானே போச்சு" என்றார்.

பிறகு சோழகங்கம் என்று இராசேந்திரன் பெயரிட்ட பொன்னேரிக்குச் சென்றோம். நான் நேரே கரையில் ஏறப் போனேன். அம்மாவோ, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் முதலில் பேச்சுக் கொடுத்தார். "இந்த வருசம் தண்ணி எப்பிடிங்கய்யா?" அவர் மகிழ்ந்து, வழுக்காத பாதையைத் தாமே காட்டினார். கிராமத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கிராமத்தாரைப் பார்க்க வேண்டும் என்பது அப்போது விளங்கிற்று.

மாளிகைமேட்டில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980-களில் அகழ்ந்து, 2021 முதல் மீண்டும் அகழ்ந்த அரண்மனையின் செங்கல் சுவர்கள் உள்ளன. அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நல்லா வெந்த கல்லு" என்றார். சூளையில் வேலை செய்தவரின் தீர்ப்பு அது. காலடியில் கிடந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தவர், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். ஆயிரம் ஆண்டுப் பழைய அரண்மனையைக் கட்டியவர்களும் கூலியாட்கள்தாம் என்பதை எனக்கு எந்தப் பாடமும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நண்பர்களே! அடக்கமான உடை, அணைத்து வைத்த கைப்பேசி, சிற்பத்தில் சாயாத உடல், குப்பை போடாத கை ஆகிய இவையெல்லாம் மரியாதைதான். அவற்றோடு இன்னொன்றும் சேர வேண்டும். விரும்பிய நாளில் போக முடிந்த நாம் வார நாட்களில் போவோம். திருநாட்களை, வேறு நாள் இல்லாதவர்களுக்கு விட்டுக்கொடுப்போம். நாம் ஒருவர் விலகினால், பின்னால் நிற்கும் ஒரு தாய்க்குச் சாமி தெரியும்.

பேருந்தில் இதை அம்மாவிடம் சொன்னேன். சிரித்தார். "அன்னாபிசேகத்துக்கும் வருவோம் பாப்பா. நாலு பேரோட நின்னு கும்புடறதும் சாமிக்குத்தான்" என்றார்.

அந்தப் பௌர்ணமியை நாட்காட்டியில் மீண்டும் குறித்து வைத்திருக்கிறேன். அன்று அம்மாவுக்கு முன்னால் நான் நிற்க மாட்டேன்; பின்னால் நிற்பேன்.