எண்பத்தேழு வீதம்

நாம் தமிழ் கற்பிப்பவர். அரசறிவியல் நமது பாடமன்று. ஆயினும் அப்பாடத்துக்குரிய ஆசிரியர் விடுப்பில் நின்றமையால், மலைநாட்டில் நாம் பணியாற்றும் பாடசாலையின் உயர்தர வகுப்பை இரு வாரங்கள் பொறுப்பேற்க நேர்ந்தது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முறையே அப்போது நடத்தவேண்டியிருந்த பகுதி. அந்நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே தேர்வாளர்களை அனுப்புகின்றது. பெரும்பாலான மாநிலங்களில், அதிக வாக்குகளைப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் உரியவராகின்றனர். இதனை விளக்குதற்குத் தக்க உதாரணமொன்றைத் தேடி, 1964ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் வாக்களித்த விதத்தைக் கரும்பலகையில் எழுதினோம்.

அவ்வாண்டில் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த லிண்டன் ஜோன்சன் நாடெங்கணும் 61 வீத வாக்குகளைப் பெற்று, 44 மாநிலங்களில் வென்றார். குடியரசுக் கட்சியின் பரி கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தவை ஆறே மாநிலங்கள். அவற்றுள் மிசிசிப்பியும் ஒன்று. அங்கு கோல்ட்வாட்டருக்கு 356,528 வாக்குகள், ஜோன்சனுக்கு 52,618. நூற்றுக்கு 87 பேர் கோல்ட்வாட்டரின் பக்கம் நின்றனர். நாடு ஒரு திசையிற் செல்ல, இம்மாநிலம் அதற்கு நேர் எதிர்த்திசையிற் சென்றது. “அது அம்மாநில மக்களின் தீர்ப்பு” என்று சொல்லி, கையிலிருந்த சுண்ணத் தூளைத் தட்டிவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்ல முற்பட்டோம்.

பின்வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“சேர், அங்க நூத்துக்கு நாப்பது பேருக்கு மேல கறுப்பின ஜனங்கன்னு முன்னாடி சொன்னீங்களே. அவங்களுமா கோல்ட்வாட்டருக்கு ஓட்டுப் போட்டாங்க?”

நம்மிடம் விடையில்லை. நாளை சொல்வதாகக் கூறி வகுப்பை முடித்தோம். அன்றிரவு நூல்களைப் புரட்டியபோது, விடையறியாமைக்காக மட்டுமன்று, அவ்வினா நமக்குத் தோன்றாமற் போனமைக்காகவும் வெட்கினோம்.

1964 ஜூலை 2ஆம் திகதி ஜோன்சன் குடியுரிமைகள் சட்டத்திற் கையொப்பமிட்டார். உணவகத்திலும் விடுதியிலும் தொழிலிலும் நிறம் பார்த்து மனிதரை ஒதுக்குவதை அச்சட்டம் தடுத்தது. செனற் சபையில் அதற்கு எதிராக வாக்களித்தவர்களுள் ஒருவர் கோல்ட்வாட்டர். மிசிசிப்பியின் வெள்ளை வாக்காளர் அவரிடம் திரண்டமைக்கு இதுவே தலையாய காரணம். 1872இற்குப் பின் அம்மாநிலம் குடியரசுக் கட்சி வேட்பாளர் எவருக்கும் பெரும்பான்மை அளித்ததில்லை. 1936இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு அது வழங்கியது 97 வீதம்! கட்சியின் பெயர் மாறிற்று. வாக்குப் பெட்டியைச் சூழ்ந்து நின்ற கூட்டம் மாறவில்லை.

அக்கூட்டத்திற்கு வெளியே நின்றவர் எத்தனை பேர்? 1964இல் வாக்களிக்கும் வயதை அடைந்திருந்த கறுப்பின மக்களுள் பதிவு பெற்றவர் நூற்றுக்கு ஏழு பேர்கூட இலர். மாணவியின் வினாவுக்கு விடை இதுவே. அவர்கள் கோல்ட்வாட்டருக்கு வாக்களிக்கவில்லை. அவர்களை எவருக்குமே வாக்களிக்க விடவில்லை.

இது வாளேந்திச் செய்த கொள்ளையன்று. தாளேந்திச் செய்த கொள்ளை. 1890இல் அம்மாநிலம் புதிய அரசியலமைப்பொன்றை இயற்றிக்கொண்டது. அக்காலத்தில் அங்கு பெரும்பான்மையினர் கறுப்பின மக்களே. அவர்களுக்கு வாக்கில்லை என்று அவ்வமைப்பில் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. வாக்காளர் ஆண்டுக்கு 2 டொலர் தலைவரி செலுத்தவேண்டும் என்றது. அரசியலமைப்பின் யாதேனும் ஒரு பிரிவை வாசிக்கவோ, கேட்டுப் பொருள் கூறவோ வல்லவராயிருத்தல் வேண்டும் என்றது. பின்னர் 1954இல் இத்தேர்வு மேலும் கடுமையாக்கப்பட்டது. எப்பிரிவைக் கேட்பது என்பதை முடிவு செய்தவர் பதிவு அலுவலர். விடை சரியா பிழையா என்று சொல்பவரும் அவரே. வெள்ளையருக்கு எளிய பிரிவு, கறுப்பருக்குச் சட்ட வல்லுநரும் தடுமாறும் பிரிவு என்றவாறு காரியம் நடந்தது. பட்டம் பெற்ற கறுப்பின ஆசிரியர்களும் அத்தேர்விற் “சித்தியடையாதோர்” ஆயினர்.

வாழ்நாளெல்லாம் விடைத்தாள் திருத்துகின்ற நமக்கு இவ்விடத்தைக் கடந்து செல்லல் அரிதாயிருந்தது. அறிவை அளக்கும் கருவியென்று நாம் போற்றும் தேர்வு, மனிதனை வாயிலில் நிறுத்திவைக்கும் தடியாகவும் பயன்படும் என்பதை எந்த ஆசிரியப் பயிற்சியும் நமக்குக் கற்பித்ததில்லை.

தேர்வோடு தொல்லை முடிந்துவிடவுமில்லை. ஃபனி லூ ஹேமர் என்பவர் பருத்தித் தோட்டமொன்றில் 18 ஆண்டுகள் உழைத்த பெண்மணி. 1962 ஆகஸ்ட் 31ஆம் திகதி அவர் தம்மைப் பதியும்படி கேட்டு இந்தியனோலா நகருக்குச் சென்றார். தேர்வில் தவறியவராய்த் திரும்பி வந்தபோது, விண்ணப்பத்தை மீளப் பெறு, அன்றேல் வெளியேறு என்றான் தோட்டத்து முதலாளி. அன்றிரவே அவர் வெளியேறினார். அடுத்த ஆண்டில் வினோனா நகரச் சிறையிற் கொடுமையாக அடிக்கப்பட்டார். 1964 ஜூனில், வாக்காளர் பதிவுக்காக உழைத்த சேனி, குட்மன், சுவேர்னர் என்னும் மூன்று இளைஞர் நெஷோபா மாவட்டத்திற் கொல்லப்பட்டனர். அவர்களின் உடல்கள் ஆகஸ்டில் மண் அணையொன்றின் அடியிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டன. மூன்று மாதங்கள் கழித்து வெளிவந்த முடிவே அந்த 87 வீதம்.

1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிற்று. எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. மத்திய அரசின் அலுவலரே நேரில் வந்து பதிவு செய்தனர். இரண்டே ஆண்டுகளில் கறுப்பின மக்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது பேர் வாக்காளராயினர். 1964இல் அம்மாநிலத்தில் வாக்களித்தோர் தொகை நான்கு இலட்சத்துச் சொச்சம்; 1968இல் அது ஆறரை இலட்சத்தைத் தாண்டிற்று. ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு விழுந்த வாக்குகள் 52 ஆயிரத்திலிருந்து ஒன்றரை இலட்சமாயின. ஆயினும் வென்றவர், இனப் பிரிவினையைக் காத்து நின்ற ஜோர்ஜ் வோலஸ். பெற்றது 63 வீதம். சட்டமொன்றால் ஒரு சமூகத்தின் நெஞ்சு மாறிவிடுமெனக் கருதுவார் இங்கு ஏமாறுவர். ஆனால் வாய் கட்டப்பட்டிருந்தோர் பேசத் தொடங்கியபின், 87 வீதம் என்ற அந்த ஒற்றைக் குரல் நிலைக்கவில்லை.

மறுநாள் இவற்றையெல்லாம் வகுப்பிற் கூறினோம். தோட்டத்து வேலை போனதும் குடியிருந்த வீடும் போயிற்று என்ற இடத்தில் வகுப்பு மிக அமைதியாயிருந்தது. லயங்களிற் பிறந்த பிள்ளைகளுக்கு அதனை விளக்கவேண்டியதில்லை. முடிவில் அம்மாணவி மீண்டும் எழுந்தாள்.

“எங்க தாத்தாவோட அப்பாவுக்கு 1947ல ஓட்டு இருந்துச்சாம் சேர். அடுத்த தேர்தல்ல இல்லையாம்.”

உண்மைதான். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து அகற்றின. இங்கும் கையாளப்பட்டது தாளே: தந்தை எங்கே பிறந்தார், சான்று எங்கே என்ற வினா. அவ்வநீதியின் இறுதி எச்சத்தைத் துடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாம் வடபுலத்திற் படித்தவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவுகளை மனனஞ் செய்து புள்ளி பெற்றவர். அம்முடிவுகளில் யாருடைய வாக்கு இல்லை என்று அன்று நம்மை எவரும் கேட்டதில்லை; நாமும் எவரையும் கேட்டதில்லை. பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மிசிசிப்பியைப் பற்றி நாம் சொன்ன அதே பிழையை, நமது காலடி மண்ணைப் பற்றியும் இத்தனை ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறோம்.

ஒரு மாநிலம் எப்படி வாக்களித்தது என்று கேட்பதற்கு முன், அங்கே வாக்களித்தவர் யார், வாக்களிக்க விடப்படாதவர் யார் என்று கேட்டல் வேண்டும். வீதம் பொய் சொல்வதில்லை. ஆனால் எண்ணப்பட்டவர்களைப் பற்றி மட்டுமே அது பேசும். எஞ்சியோரைப் பற்றிப் பேசுதல் கற்றோர் கடன்.

அன்று பாடம் முடியுமுன், மாணவர் குறிப்பேடுகளில் ஒரு திருத்தம் செய்வித்தோம். “மக்களின் தீர்ப்பு” என்பதை வெட்டி, “வாக்களிக்க விடப்பட்டோரின் தீர்ப்பு” என்று எழுதச் சொன்னோம். பரீட்சையில் இதற்குப் புள்ளி கிடைக்குமா என்று ஒருவன் கேட்டான். கிடையாமலும் போகலாம் என்றோம். அவனும் எழுதிக்கொண்டான்.