தமையனார் டிராக்டருக்கு எந்த ஆயில்?

எடப்பாடியில் தமையனார் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய மாஸி பெர்குஸன் டிராக்டர் நிற்கிறது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனியின் ஆரம்ப காலத்து வண்டி, தகப்பனார் வாங்கியது. அதைக் கெடுத்தவன் நான்.

அக்காலத்துச் சாதா ஆயிலுக்குக் கரியைக் கழுவும் குணம் கிடையாது. கரி வண்டலாகி என்ஜின் அடியில் தங்கிவிடும். வருஷக்கணக்காக அதையே குடித்து ஓடிய என்ஜினில், உயர்ந்த சரக்காயிற்றே என்று அழுக்கு நீக்கும் ஆயிலை வாங்கி ஊற்றினேன். வண்டலெல்லாம் பெயர்ந்து சல்லடையை அடைத்துக்கொண்டது. ஆயில் ஏறாமல் பேரிங்குகள் தேய்ந்து போயின. தமையனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த வருஷம் லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் மாற்றி என்ஜின் தயாராயிற்று. வாயைத் திறப்பதில்லை என்ற தீர்மானத்தோடுதான் போனேன்.

"40-ஆம் நம்பர் போதுமுங்க, வெயிலுக்குத் தாங்கும்" என்றார் மெக்கானிக். அண்ணன் மகன் 15டபிள்யூ-40 என்றான். 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பதாம். எடப்பாடியில் ஏது குளிர்காலம்? ஆனாலும் விடியற்காலையில் ஆறிக்கிடக்கும் என்ஜினில் அதுதான் சட்டென்று மேலே ஏறும். சூடேறிய பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

தமையனார் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே?"

"உள்ளே இப்போ வண்டல் இல்லீங்க அண்ணா. தம்பி சொன்னதே ஊத்தலாம். சிந்தெடிக் வேண்டாம், ரிங் படியணும். மினரல் ஆயிலே போதும். 50 மணி நேரம் ஓடினதும் வடிச்சிரணும்."

"அப்போ நீயே ஊத்து" என்று டப்பாவை நீட்டினார்.