தூக்குச்சட்டிக் கணக்கு

விருதுநகர் மாவட்டத்து வக்கீலுக்கு வெடி விபத்துக் கேஸ் புதிதல்ல. மருந்து கலக்கும்போது உராய்வு, போர்மேன் கைது, உரிமம் ரத்து என்று எஃப்.ஐ.ஆர். எல்லாமே ஒரே சாடையில் இருக்கும். இந்தக் கேஸில் எதிரே நின்றது ஆலை அல்ல, ஒரு மெமோ. கட்சிக்காரர் நாற்பதைத் தாண்டிய தீயணைப்பு வீரர். குற்றச்சாட்டு: அனுமதியின்றி இரண்டு மாதத்துக்கு மேல் வேலைக்கு வரவில்லை.

"ஏன் போகல?"

"தெரியல சார். யூனிஃபார்ம் போடுவேன். வாசல் வரைக்கும் வருவேன். அதுக்கு மேல கால் எழும்ப மாட்டேங்குது."

இதை விளக்கக் கடிதத்தில் எப்படி எழுதுவது?

2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிப்பில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்களே, அங்கும் போனவர்தான் இவர். காப்பாற்ற ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கிய இடம் அது. அதற்கப்புறமும் வருடக்கணக்கில் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார். பிறகு என்னதான் ஆயிற்று?

விஷயத்தை உடைத்தது அவர் மனைவி. "சோறு கட்டிக் கொடுத்தா வாங்க மாட்டேங்கிறாரு ஐயா. தூக்குச்சட்டியைப் பார்த்தாலே எந்திரிச்சுப் போயிடுறாரு."

அவர் கடைசியாகப் போன ஆலையில், உரிமம் அனுமதித்ததைவிட அதிகம் பேரை உட்கார வைத்திருந்தார்கள். பதிவேட்டில் சில பெயர்களே இருந்தன. செட்டுக்குள் எத்தனை பேர் என்று சொல்ல ஆளில்லை. வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டிகள் வரிசையாக, கீறல்கூட இல்லாமல் இருந்திருக்கின்றன. "அதை எண்ணுய்யா" என்றார் மேலதிகாரி. எண்ணினார். ஒன்று மட்டும் மூடி கழன்று கிடந்தது. உள்ளே புளிச்சோறும் பாதி முட்டையும். மீதிப் பாதி வீட்டில் பிள்ளைக்கு வைத்ததாக இருக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டாராம். அன்றைக்கு எல்லா உடல்களையும் தூக்கிய மனுஷனுக்கு அந்தப் பாதி முட்டைதான் ஆறவில்லை.

மெமோவை எதிர்த்து நேரே மதுரைக் கிளைக்கு ரிட் போடலாம் என்றார் என் ஜூனியர். குற்றச்சாட்டுக் கட்டத்தில் ஐகோர்ட் எளிதில் தலையிடாது. விசாரணை அதிகாரி முன்னாலேயே மோதினோம். கையில் 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், ஒரு சி.ஆர்.பி.எஃப். அதிகாரி வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இருந்தன. நடத்தைக்கு மனநோய் ஒரு காரணமாக இருந்தாலே, அதற்காக நடவடிக்கை எடுப்பது பாகுபாடு என்கிற தீர்ப்பு அது. ஆனால் இவர் டாக்டரிடமே போனதில்லையே! மெமோ வந்த பிறகு வாங்கும் சர்டிபிகேட்டுக்கு என்ன மதிப்பு என்று எவரும் கேட்பார்கள். கேட்டார்கள். அரசு மனநல மருத்துவரின் சான்றைவிட, மனைவியின் அந்தச் சோற்றுச் சாட்சியம்தான் அந்த அறையில் எடுபட்டது.

அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2021இல் சொன்னது. தீக்காயத்துக்கும் அளவு பார்த்துத் தொகை. தூக்கியவனுக்கு அந்தப் பட்டியலில் பத்தி கிடையாது.

உத்தரவு வந்தது. தண்டனை இல்லை, வராத நாட்கள் மருத்துவ விடுப்பு. காரணம், "உடல்நலக் குறைவு". எனக்குப் பொறுக்கவில்லை. நாம் வாதாடியது மனத்தைப் பற்றி, அந்தச் சொல்லையே காணோம். திருத்தக் கேட்டு மனு போடலாம் என்றேன்.

"வேண்டாம் சார். பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். இதே இருக்கட்டும்."

கேஸ் கட்டை மடித்து, அப்படியே பீரோவில் வைத்தேன்.