கை பட்டால்தான் விடும்

திருட்டு அலாரத்தின் சைரன் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதை அதன் பேனலிலேயே நிமிடக் கணக்கில் வைத்துவிடலாம். பெரும்பாலும் சில நிமிடங்களோடு நிறுத்திவிடுவோம். விடிய விடிய அலறினால் தெரு தூங்காது. கரண்ட் இல்லாத நேரமாக இருந்தால் உள்ளே இருக்கும் பேட்டரியும் தீர்ந்துபோகும். ஆகவே அது அடித்து ஓய்வதில் குறையில்லை. ஓய்ந்த பிறகு என்ன மிச்சம் என்பதுதான் என்னை வெகுநாளாகக் குடைந்த கேள்வி. அவுட்புட்டில் வோல்டேஜ் போய்விட்டது. பேனல் பழையபடி காவலுக்குத் திரும்பிவிட்டது. ஆளில்லாத இடத்தில் நள்ளிரவில் அடித்த சைரன், காலையில் வந்து பூட்டைத் திறக்கிறவருக்கு அடிக்காத சைரன்தான்.

பேனலின் நினைவகத்தில் பதிவு இருக்கும், உண்மை. அதைப் பார்க்க ரகசிய எண் தெரிந்திருக்க வேண்டும். பார்க்க வேண்டும் என்று தோன்றவும் வேண்டும். ஈரோட்டுப் பக்கம் நூல் குடோன் வைத்திருந்த ஒருவருக்கு, இரவில் சைரன் அடித்ததே எதிர் டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. என்னைக் கூப்பிட்டு, "ராத்திரி அடிச்சுதா இல்லையான்னு காத்தால வந்ததுமே கண்ணுக்குத் தெரியோணுங்க" என்றார். இதற்குப் புதுப் பேனல் தேவையில்லை. ஒரு ரிலே போதும்.

இரண்டு ஜோடித் தொடர்புகள் உள்ள எட்டுக்கால் ரிலே, 12 வோல்ட் டி.சி. காயில். பேனலின் சைரன் அவுட்புட்டிலிருந்து பிளஸ் ஒயரைக் காயிலுக்குக் கொண்டுவந்தால், சைரன் அடிக்கும்போது ரிலே இழுக்கும், நின்றால் விட்டுவிடும். அதை விடாமல் பிடிக்க வைப்பதுதான் வேலை. பேனலின் நிரந்தர 12 வோல்ட் முனையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து, சாதாரண நிலையில் மூடியிருக்கும் புஷ் பட்டன் வழியாக ரிலேயின் முதல் காமனுக்குக் கொடுக்கிறோம். ரிலே இழுக்கும்போது மட்டும் அந்தக் காமனோடு சேரும் என்.ஓ. காலிலிருந்து இன்னொரு ஒயர் காயிலின் பிளஸ்ஸுக்கே போகிறது. ரிலே ஒருமுறை இழுத்ததும் தன் காயிலுக்கான மின்சாரத்தைத் தானே கொடுத்துக்கொள்ளும். சைரன் நின்றாலும் அது விடாது. பட்டனை அழுத்தினால் மட்டும் அந்த வழி அறுந்து ரிலே விழும். இரண்டாவது ஜோடியில் சிவப்பு விளக்கு.

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது இதே பிடிப்பால்தான். கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடாததற்கும் அதுவே காரணம்.

காகிதத்தில் இவ்வளவுதான். ஆனால் பேனலோடு சேர்க்கும்போது இரண்டு டயோடுகள் இல்லாமல் ஆகாது. பிடித்துக்கொண்ட ரிலேயின் 12 வோல்ட், வந்த வழியே பின்னோக்கிச் சைரன் அவுட்புட்டுக்குள் நுழையும். பேனல் நிறுத்திய சைரனை ரிலே அடிக்க வைத்துவிடும். அதனால் அவுட்புட்டுக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு 1N4007 டயோடு, கோடு போட்ட முனை காயில் பக்கம் இருக்கும்படி. இன்னொன்று காயிலின் இரு கால்களுக்கும் குறுக்கே, கோடு பிளஸ் பக்கம். மின்சாரம் அறும்போது காயிலில் எழும் எதிர் வோல்டேஜ் இதற்குள்ளேயே சுற்றி அடங்கும். இல்லாவிட்டால் அது பேனலின் டிரான்சிஸ்டரைத்தான் தேடிப் போகும். சில பேனல்கள் பிளஸ்ஸை நிரந்தரமாக விட்டு மைனஸைத்தான் இணைத்து வெட்டும். அங்கே எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டும். மீட்டர் வைத்து அளக்காமல் ஒரு ஒயரையும் தொடக் கூடாது.

இந்த ரிலேக்குத் தனி அடாப்டர் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கூடவே கூடாது. மின்வாரியக் கரண்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் அடாப்டர் அணையும், ரிலே விழும், இரவில் நடந்ததற்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். பேட்டரி தாங்கும் முனையிலிருந்துதான் எடுக்க வேண்டும். இந்த வகை 12 வோல்ட் காயில் சுமார் 75 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஒரு நாள் முழுக்கப் பிடித்திருந்தாலும் 1.8 ஆம்பியர்-மணி, வழக்கமான 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறையக் கால் பங்கு. எல்.இ.டி. விளக்குக்கு அதைவிட மிகக் குறைவு. அந்தச் செலவு தகும்.

அடித்ததை விடாமல் பிடித்து வைக்கும் இந்த எண்ணம் அலாரத்தோடே பிறந்தது. அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த சாமர்வில்லைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் 1853-இல் மின்காந்தத் திருட்டு அலாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின் சுற்று மூடி மணி அடிக்கும். திறந்தவன் சட்டென்று கதவைச் சாத்திவிட்டாலும் மணி ஓயாதபடி, கதவுக்கு மேலே சுவரில் இருந்த ஒரு ஸ்பிரிங் அந்தச் சுற்றைப் பிடித்து வைத்திருந்தது. 1857-இல் எட்வின் ஹோம்ஸ் அந்த உரிமையை வாங்கி வியாபாரமாக வளர்த்தார். போப்பை நினைத்தால் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது. மணியை அடிக்க வைப்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அதைத் திருடன் அணைத்துவிடக் கூடாது என்பதையும் முதலிலேயே யோசித்தார்.

தீ அலாரப் பேனல்களில் இந்தப் பிடிப்பு உள்ளேயே உண்டு. புகை கலைந்த பிறகும், ஒருவர் வந்து ரீசெட் செய்யும்வரை சிவப்பு விளக்கு எரியும். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளில் இன்னும் நுணுக்கம்: ஒரு பட்டன் சத்தத்தை மட்டும் அடக்கும், வேறொன்றுதான் விளக்கை அணைக்கும். காதைப் பிளக்கும் சத்தத்தில் யாராலும் யோசிக்க முடியாது. சத்தத்தோடு சேர்த்துத் தகவலையும் அணைத்துவிட்டால் யோசிக்க எதுவும் மிஞ்சாது. குடோனில் சத்தத்தைப் பேனலே நிறுத்திவிடுகிறது, விளக்கு நம்முடையது.

ரீசெட் பட்டனைப் பிடிப்பு வழியில் மட்டும் போட்டதற்குக் காரணம் உண்டு. பேனலிலிருந்து வரும் வழியையும் அதே பட்டன் வழியாக விட்டால், சைரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது பட்டனை அழுத்தி இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிடலாம். விளக்கு எரியவே எரியாது. பிடிப்பு வழியில் மட்டும் இருந்தால், சைரன் அடித்துக்கொண்டிருக்கும்வரை விளக்கை எவராலும் அணைக்க முடியாது. தீக்குச்சி கெடுப்பது பிடிப்பை மட்டும்தான். அதற்கும் இடம் கொடுக்காமல் சாவி போட்டுத் திருப்பும் சுவிட்ச் வைத்தேன், கையை எடுத்தால் தானே திரும்பிவிடும் வகை.

முதலாளி அந்தச் சாவி சுவிட்ச் தன் மேசைக்குப் பக்கத்திலேயே, விளக்குக்குக் கீழே இருக்கட்டும் என்றார். நான் இசையவில்லை. விளக்கு வாசலில் இருக்கட்டும். சுவிட்ச் குடோனின் பின்பக்க ஷட்டருக்கு அருகில் இருக்க வேண்டும் என்றேன். எரியும் விளக்கை அணைக்க வேண்டுமானால் மூட்டைகளைத் தாண்டி அங்கே நடந்துபோக வேண்டும். போகிறவர் ஷட்டரையும் பூட்டையும் பார்க்காமல் திரும்ப முடியாது. இதற்காக நீளமாக ஒயர் இழுத்தோம். அது அறுந்தால் பிடிப்பே போய்விடும் என்பதால் இரும்புக் குழாய்க்குள் விட்டோம். செலவு கொஞ்சம் கூடியது. அவர் முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார்.

சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. வாட்ச்மேன் பெரியவரிடம் கொடுத்தால் அவர் பாட்டுக்கு அணைத்துவிடுவார் என்று மேனேஜர் பயந்தார். அவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்றேன் நான். விடியற்காலையில் அந்த விளக்கை முதலில் பார்க்கிறவர் அவர்தான். சாவியோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்தோம்: தேதி, மணி, பின்பக்கம் என்ன பார்த்தார் என்று ஒரு வரி. எழுதிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். பெரியவர் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பேனாவையும் ஒரு கயிற்றில் கட்டித் தரச் சொன்னார்.