தக்த்சாங் பாறை வரை ஒரு நடை

பூட்டானின் பாரோ பள்ளத்தாக்கில் செங்குத்தான பாறை மேல் நிற்கும் தக்த்சாங் மடத்துக்கு நடந்தே போய் வந்தேன். மடம் இருப்பது சுமார் 3,120 மீட்டர் உயரத்தில். நிதானமாக நடந்தால் சராசரி உடல்நிலை உள்ள யாரும் போய் வரலாம், ஆனால் மூச்சு வாங்கும்.

பாதை முழுக்க பைன் மரங்கள். கிளைகளிலிருந்து பாசி தாடி போலத் தொங்குகிறது. வழியில் பாறை இடுக்குகளில் உள்ளங்கையில் அடங்கும் மண் ஸ்தூபிகளைச் செருகி வைத்திருக்கிறார்கள். இறந்தவர்களின் நினைவாக வைப்பது. மழையில் கரைந்து சில வெறும் மண்ணாகிவிட்டன. யார் வீட்டுத் துக்கமோ, தாண்டிப் போக மனசு வரவில்லை, நின்றுவிட்டேன்.

மடம் கண்ணுக்கு நேராகத் தெரிந்த பிறகும் நடை முடிவதில்லை. படிகளில் இறங்கி, பாறையை ஒட்டி விழும் அருவியைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். அருவியடியில் அண்ணாந்து பார்த்தபோதுதான் மலைப்பாக இருந்தது. 1692-ல் இங்கே கட்டத் துணிந்தவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள்! 1998-ல் தீக்கிரையானதையும் சில வருடங்களில் அதே இடத்தில் திரும்பக் கட்டி எழுப்பிவிட்டார்கள்.

பாதி வழி வரை குதிரை கிடைக்கும். முடிந்தவர்கள் தயவுசெய்து நடந்தே போங்கள். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மடத்துக்குள் செல்போன், கேமரா அனுமதி இல்லை.