இரட்டிப்புக் கணக்கு

பெட்ரோல் தீரத் தீர விமானத்தின் எடை குறையும். பேட்டரி அப்படி இல்லை. ஏறும்போது எவ்வளவு கனமோ, இறங்கும்போதும் அவ்வளவே. இதைத் தம்பிக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவனுடைய நுரை விமானம் பேட்டரியோடு 900 கிராம். பேட்டரி மூன்று செல் லிப்போ, 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர் மணி. அது மட்டும் சுமார் 180 கிராம். சராசரியாக 15 ஆம்பியர் இழுத்து, 80 சதவீதம் தீர்ந்ததும் இறக்கினால் 7 நிமிடம்.

"அப்ப 4400 போட்டா 14 நிமிஷம்ணே!"

மேசைமேல் கட்டி வைத்த மோட்டாருக்கு அது சரி. பேட்டரியை இரட்டித்தால் விமானம் 1080 கிராம் ஆகிவிடும். அதே இறக்கை 20 சதவீதம் கூடுதல் எடையைத் தாங்க, வேகம் சுமார் 10 சதவீதம் கூட வேண்டும். அதற்கான சக்தியோ 30 சதவீதம் ஏறும். கையில் கிடைப்பது பத்தரை, பதினொரு நிமிடம்தான். இறங்கும் வேகமும் கூடும். எங்கள் திடல் சின்னது, ஓரத்தில் எந்நேரமும் பிள்ளைகள் நிற்பார்கள்.

உறையில் அச்சடித்திருக்கும் 'சி' எண்ணையும் நான் அப்படியே நம்புவதில்லை. 2200க்கு 25 சி என்றால் 55 ஆம்பியர். மலிவுச் சரக்கில் பாதியைத்தான் எடுத்துக்கொள்வேன். இந்த மோட்டார் உச்சத்தில் 25 கேட்கும், அதனால பரவால்ல.

கடைசியில் 2200லேயே இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன். இறக்கி, மாற்றி, மறுபடி ஏற்றலாம். அவனுக்கு அதுவும் பிடிக்கல. நடுவுல இறங்க வேண்டியிருக்கே என்கிறான்.